வடிகட்டிய பின் வீட்டு எண்

ஒரு மூதாட்டியின் நினைவு பிழையானது என்று அடிக்குறிப்பு எழுதி, பிறகு அந்த அடிக்குறிப்பே பிழையானது என்று கண்டு, அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்த கதை இது. இலக்கியம் படிக்க வரும் நண்பர்கள் இதில் கணிதம் குறுக்கிடுகிறதே என்று முகம் சுளிக்க வேண்டா. குறுக்கிடும் கணிதம் பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. அந்த வகுத்தலில்தான் நாங்கள் சறுக்கினோம்.

நாங்கள் மூவர். பகலில் கணினி நிறுவனங்களில் வேலை, இரவில் வாசிப்பு என்று வாழ்கிறவர்கள். 2015 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையைச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அனுபவித்தவர்களிடம் பேசி, அவர்கள் சொன்னதைச் சிறு தொகுப்பாக ஆக்கவேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசை பிறந்தது. அந்த மழை என்றால் எல்லோர் நாவிலும் வருவது டிசம்பர் 1 இரவுதான். அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனவே, டிசம்பருக்கு முந்தைய அக்டோபர், நவம்பர் மழைகளைப் பற்றி யாரேனும் சொல்வார்களா என்று தேடினோம். ஒவ்வொருவர் நினைவுக்கும் கீழே, அவர் வாழ்ந்த பகுதியில் அந்த இரு மாதங்களில் மிகுதியாக மழை பெய்த நாள் எது என்பதை அதிகாரபூர்வமான பதிவிலிருந்து எடுத்து அடிக்குறிப்பாகத் தருவது எங்கள் திட்டம். நினைவும் பதிவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாசகர் ஒப்பிட்டுக்கொள்வார் அல்லவா? நினைப்பு நல்ல நினைப்புத்தான்.

அப்படித் தேடியபோது கிடைத்தவர்களில் ஒருவர், ஏரிகள் சூழ்ந்த மேற்குப் புறநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். நாங்களும் அப்படியே அழைத்தோம். அவருடைய கணவரும் ஆசிரியராக இருந்தவர். ஊர் ஊராகப் போய்த் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தவர். அவர் காலமானபின் அந்த நோட்டுகள் கீழ்வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. "தீபாவளி கழிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் தண்ணி உள்ளே வந்தது. ஏரித் தண்ணியா, மழைத் தண்ணியான்னு தெரியல. பெட்டியைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல. டிசம்பர் வெள்ளம் உங்களுக்கெல்லாம் பெரிசு தம்பி. எனக்கு நவம்பரோடயே எல்லாம் முடிஞ்சு போச்சு." இதுதான் அவர் சொன்னதன் சாரம். நாங்கள் எழுதிக்கொண்டோம். அத்துடன், வழக்கம்போல, பதிவுகளைத் தேடப் போனோம்.

பதிவுகள் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிட வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதல் ஒவ்வொரு நாளுக்கும் நாடு முழுவதற்குமான மழையளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தருகிறது. கால் பாகைக்கு ஒரு கட்டம். தெற்கு வடக்காக 6.5 பாகையிலிருந்து 38.5 பாகை வரை 129 வரிசைகள். மேற்கு கிழக்காக 66.5 பாகையிலிருந்து 100 பாகை வரை 135 நிரல்கள். ஆக ஒரு நாளுக்கு 17,415 கட்டங்கள். 365 நாள்கள் கொண்ட ஓராண்டுக்கு 63,56,475 எண்கள். இவை கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக, புகைவண்டிப் பெட்டிகளைப்போல, ஒரே நேர்வரிசையில் கிடக்கின்றன. அவற்றை நாள், அட்சம், தீர்க்கம் என்ற மூன்று திசைகளில் அடுக்கிப் பார்த்தால் அது முப்பரிமாண அணி. தண்டியலங்காரம் படித்தவர்களுக்கு அணி என்றால் உவமையும் உருவகமும். கணினிக்காரர்களுக்கு அணி என்றால் இப்படி ஒழுங்காக அடுக்கிய எண்களின் கூட்டம்.

இந்த அடுக்குமுறையில் ஓர் அழகு இருக்கிறது. எண்ணுக்குத் தனியாக முகவரி எழுதி வைக்கவில்லை. அது நிற்கும் இடமே அதன் முகவரி. நேர்வரிசையில் 58,37,590 ஆம் இடத்தில் ஓர் எண் இருக்கிறது என்று சொன்னால் போதும். 17,415 ஆல் வகுத்தால் ஈவு 335, மீதி 3,565. அந்த மீதியை 135 ஆல் வகுத்தால் ஈவு 26, மீதி 55. சுழியத்திலிருந்து எண்ணுவது வழக்கமாதலால் 335 என்பது ஆண்டின் 336 ஆம் நாள், அதாவது டிசம்பர் 2. வரிசை 26 என்பது 13 பாகை அட்சம். நிரல் 55 என்பது 80.25 பாகை தீர்க்கம். சென்னை. இரண்டே வகுத்தலில் நாளும் ஊரும் கையில் வந்துவிட்டன. சுழியத்திலிருந்து எண்ணுவது ஏன் வசதி என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 இல் ஒரு சிறு குறிப்பே எழுதியிருக்கிறார்.

நம்முடைய வாசகர்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. அகநானூற்றைத் தொகுத்தவர் இதைத்தானே செய்தார்? ஒற்றைப்படை எண் என்றால் பாலை. இரண்டிலோ எட்டிலோ முடிந்தால் குறிஞ்சி. நான்கில் முடிந்தால் முல்லை, ஆறில் முடிந்தால் மருதம், பத்தின் மடங்கென்றால் நெய்தல். பாட்டைப் படிக்காமலே, அதன் எண்ணைப் பத்தால் வகுத்து மீதியைப் பார்த்துத் திணையைச் சொல்லிவிடலாம். அதே எண்ணைக் கொண்டு அது களிற்றியானை நிரையிலா, மணிமிடை பவளத்திலா, நித்திலக்கோவையிலா என்றும் சொல்லிவிடலாம். முதல் பகுதி 120 உடன் முடிகிறது, இரண்டாவது 300 உடன் முடிகிறது. நிற்கும் இடத்துக்குள்ளேயே இத்தனை செய்தி.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இடத்தைக் குலைத்தால் முகவரி போய்விடும். குறிஞ்சிப் பாடல்களை மட்டும் தனியே பிரித்து அடுக்கிக்கொண்டால், அந்த அடுக்கில் ஐந்தாவது பாட்டு நூலில் ஐந்தாவது அன்று. 2, 8, 12, 18 கழிந்து வரும் 22 ஆவது பாட்டு அது. 'ஐந்தாவது பாட்டு' என்று சொல்லி ஒருவர் நூலைத் திறந்தால் பாலைத் திணைப் பாட்டு ஒன்றின் முன் போய் நிற்பார். திணையும் மாறி, நிலமும் மாறி, ஆனால் ஒரு பாட்டு கட்டாயம் இருக்கும். காலியாக இருந்தாலாவது சந்தேகம் வரும்.

நிற்க. நாங்கள் செய்த காரியத்துக்கு வருவோம்.

டீச்சர் வீட்டைச் சுற்றி நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டங்களை எடுத்துக்கொண்டோம். ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளமும் அகலமும் உடையது என்பதால் ஒன்றே ஒன்றை நம்புவது சரியில்லை என்று பட்டது. அக்டோபர், நவம்பர் இரண்டுக்கும் சேர்த்து 61 நாள்கள். 61 பெருக்கல் 16, மொத்தம் 976 எண்கள். ஆறரை லட்சமா, அறுபது லட்சமா என்று மிரள வேண்டிய தேவை இல்லாத சிறு அணி.

முதலில் ஒரு சோதனையாக, இந்தப் பெட்டியில் மிகக் குறைந்த மழையளவு எது என்று கேட்டோம். கழித்தல் 999 மில்லிமீட்டர் என்று விடை வந்தது. ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தோம். தென்கிழக்கு மூலையின் இரண்டு கட்டங்கள் வங்கக் கடலுக்குள் விழுந்திருந்தன. அளவீடு இல்லாத இடத்தைக் குறிக்க அந்தப் பதிவில் -999 என்று எழுதுவார்கள். அது எண் அன்று, எண்ணின் வேடத்தில் நிற்கும் 'இல்லை' என்னும் சொல். இதை விட்டுவைத்தால் சராசரி எடுக்கும்போது சென்னையில் மழை வானத்தை நோக்கிப் பெய்ததாக விடை வரும். ஆகவே கடலை வடிகட்டிவிட முடிவு செய்தோம்.

பைத்தான் மொழியில் எண்ணணிகளைக் கையாள நம்பை என்றொரு நூலகம் உண்டு; 2006 முதல் புழங்குவது. அதில் வடிகட்டுவது ஒரு வரி வேலை. சுழியமும் அதற்கு மேலும் உள்ள எண்களை மட்டும் கொடு என்றால் கொடுத்துவிடும். இந்த எண்ணமே பழையது. கென்னத் ஐவர்சன் 1962 இல் வெளியிட்ட நூலில் இப்படிச் சலித்தெடுப்பதற்கென்று ஒரு குறியையே வைத்திருந்தார். சலித்து வந்ததில் மிகப் பெரிய எண் எங்கே இருக்கிறது என்று கேட்க 'ஆர்க்மேக்ஸ்' என்னும் செயற்கூறு இருக்கிறது. பெரிய எண் எது என்று சொல்லாது, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும். கேட்டோம். 652 என்றது.

652 ஐப் பதினாறால் வகுத்தோம். அதாவது, நேர்வரிசை எண்ணை நாளாகவும் வரிசையாகவும் நிரலாகவும் பிரித்துத் தரும் 'அன்ராவல் இண்டெக்ஸ்' என்னும் செயற்கூற்றிடம் கொடுத்தோம். அதுவும் வகுக்கத்தான் செய்கிறது. ஈவு 40, மீதி 12. அக்டோபர் 1 ஐச் சுழியமாக வைத்தால் நாற்பது என்பது நவம்பர் 10. மீதியில் வந்த வரிசையையும் நிரலையும் நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு வேண்டியது நாள் மட்டுமே. நவம்பர் 10, 2015, செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத் தீபாவளி.

நம்பத்தகுந்த விடை. அந்த வாரம் வங்கக் கடலில் உருவான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நவம்பர் 9 ஆம் நாள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருந்தது. எனவே இரண்டாவது முறை சரிபார்க்கத் தோன்றவில்லை. டீச்சர் சொன்ன பத்தியின் கீழே இப்படி எழுதினோம்: 'மழைப் பதிவுகளின்படி இப்பகுதியில் இவ்விரு மாதங்களின் உச்ச மழை பதிவானது நவம்பர் 10, தீபாவளியன்று. அடுத்தடுத்து வந்த இரு மழைகளை நினைவு ஒன்றாகக் கலந்திருக்கக் கூடும்.' இதில் 'கூடும்' என்று எழுதியதை மிகுந்த பண்பாடு என்று அப்போது நினைத்துக்கொண்டோம்.

அச்சுக்குப் போகுமுன் படியை அவருக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கோபம் இல்லை, வகுப்பில் பிழையாக விடை சொன்ன பிள்ளையிடம் பேசும் குரல். "தீபாவளியன்னிக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்திருந்தா, அதை நான் ஞாயித்துக்கிழமைன்னா சொல்லுவேன்? தீபாவளியன்னிக்கு மழை விட்ட நேரம் பாத்துப் பேத்திக்கு மத்தாப்புக் கொளுத்திக் கொடுத்தேன். வாசல் நனைஞ்சிருந்தது, வீடு நனையல. பெட்டி மேல கோலமாவு டப்பா வச்சிருந்தேன், அது அப்படியே இருந்தது. எதுக்கும் உங்க கணக்கை இன்னொரு தடவை பாருங்க தம்பி."

பார்த்தோம். உண்மையைச் சொன்னால், அவரைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தோம். எங்கள் கணக்கு தவறாக இருக்கும் என்று நம்பிப் பார்க்கவில்லை. எங்களில் ஒருவர்தான் கடைசியில் சொன்னார்: "அந்த முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிப் பார்ப்போமே." நாள் 40, வரிசை 3, நிரல் 0 என்னும் இடத்தில் மூல அணியில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டோம். உச்ச மழை அங்கே இல்லை. அந்தக் கட்டம் டீச்சர் வீட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. பெட்டியின் வடமேற்கு மூலையில், திருத்தணிப் பக்கம் இருந்தது. வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் முருகன் மலையடிவாரத்தில் வைத்திருந்தோம்.

பிழை விளங்க அதிக நேரம் ஆகவில்லை. வடிகட்டிய உடனேயே அணி தன் வடிவத்தை இழந்துவிட்டது. 61 நாள், 4 வரிசை, 4 நிரல் என்றிருந்தது, கடலின் இரண்டு கட்டங்களும் நாள்தோறும் உதிர்ந்ததால் 854 எண்கள் கொண்ட ஒரே நீளச் சரமாகிவிட்டது. வேறு வழியில்லை, மூலையுடைந்த பெட்டியைப் பெட்டி என்று சொல்ல முடியாது. 652 என்பது இந்தச் சரத்தில் நிற்கும் இடம். அந்தச் சரத்தில் ஒரு நாளுக்குப் பதினான்கு எண்கள்தாம். நாங்களோ பழைய பெட்டியின் பதினாறால் வகுத்திருக்கிறோம். பதினான்கால் வகுத்தால் ஈவு 46, மீதி 8. நாற்பத்தாறு என்பது நவம்பர் 16. மீதியுள்ள எட்டோடு, அந்த நாளில் அதற்கு முன் உதிர்ந்த இரண்டு கடல் கட்டங்களைக் கூட்டினால் 10. அதாவது வரிசை 2, நிரல் 2. டீச்சர் வீட்டின் மேல் இருக்கும் கட்டம் அது. மூல அணியில் அதன் வீட்டு எண் 746. நாங்கள் தொலைத்தது 94 வீடுகள்.

இந்தப் பிழையின் குணத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வெட்டுவதும் வடிகட்டுவதும் வேறு வேறு. ஓராண்டிலிருந்து அக்டோபர், நவம்பரை மட்டும் வெட்டி எடுத்தால் எல்லா இடங்களும் ஒரே அளவு நகரும். 273 ஐக் கூட்டினால் பழைய இடம் வந்துவிடும். வடிகட்டும்போது ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னே எத்தனை பேர் உதிர்ந்தார்களோ அத்தனை அடி பின்னே நகர்கிறது. ஆளுக்கு ஆள் அளவு வேறு. முதல் நாளில் பிழை தெரியவே தெரியாது. நாள் செல்லச் செல்ல, மெதுவாக ஓடும் கடிகாரத்தைப்போல, எட்டு நாளுக்கு ஒரு நாள் வீதம் பின்தங்கும். நாங்கள் நிரலை எழுதிய அன்று சோதித்ததும் அக்டோபர் முதல் நாளை வைத்துத்தான். சரியாக வந்தது. வரத்தான் செய்யும்.

இதைவிட மோசமானது, கணினி வாயே திறக்காது என்பது. சலித்த சரம் எப்போதும் மூலத்தைவிடச் சிறியது. ஆகவே அதிலுள்ள எந்த இடமும் மூலத்திலும் ஓர் இடமாக இருக்கும். எல்லை மீறல் இல்லை, எச்சரிக்கை இல்லை. மழையளவும் சரியாகவே இருந்தது. முகவரி மட்டும் தவறு. அதிலும் அந்தத் தவறான முகவரி தீபாவளி மழையின் மேல் போய் விழுந்தது எங்கள் துரதிருஷ்டம். வறண்ட நாளில் விழுந்திருந்தால் பிடித்திருப்போம். நம்பும்படியான பிழைதான் அச்சு வரைக்கும் போகிறது.

சரிசெய்ய வழிகள் உண்டு. ஒன்று, வேண்டாதவற்றை நீக்காமல் மறைப்பது. கடல் கட்டங்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அவற்றின் எண்ணுக்குப் பதிலாகக் கழித்தல் முடிவிலியை வைத்துவிட்டால் உச்சப் போட்டியில் அவை வெல்லவே முடியாது. வடிவம் குலையாது, வீட்டு எண் மாறாது, பதினாறால் வகுப்பதும் சரியாகிவிடும். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றுக்கும் எண் இருக்கிறது. அடுத்து வரும் பாட்டு 269 தான். பாட்டு இல்லையே என்று எண்களை நெருக்கி அடுக்கியிருந்தால் அதன்பின் வந்த அத்தனை உரையாசிரியர்களின் மேற்கோள்களும் இரண்டிரண்டு வீடு தள்ளிப் போயிருக்கும். 1894 இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த அந்த நூலில் இன்மைக்கும் இடம் உண்டு. எங்கள் நிரலுக்கு அந்த அறிவு இல்லாமல் போயிற்று.

மறைப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லாக் கட்டங்களும் மறைந்துவிட்டால், எல்லாமே கழித்தல் முடிவிலி என்றாகி, அவற்றுள் முதலாவது சுழியத்தில் இருக்கிறது என்று ஆர்க்மேக்ஸ் கூசாமல் சொல்லும். ஆளில்லாத ஊரில் முதல் வீட்டுக்காரரே தலைவர். ஆகவே ஒரு கட்டமாவது மிஞ்சியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணே அல்ல என்பதைக் குறிக்கும் 'நேன்' என்னும் குறியை இட்டு மறைப்பவர்களுக்கு வேறொரு பள்ளம்: சாதாரண ஆர்க்மேக்ஸ் அந்தக் குறியையே உச்சமென்று கருதி அதன் இடத்தைத் தரும். அதைத் தாண்டிச் செல்ல 'நேன்ஆர்க்மேக்ஸ்' என்று தனியே ஒன்று இருக்கிறது. எல்லாமே நேன் என்றால் அது பிழையென்று கூவும். கூவுவது நல்லது.

இரண்டாவது வழி, எண்களைச் சலிக்கும் அதே சல்லடையில் வீட்டு எண்களையும் சலித்துக் கையில் வைத்துக்கொள்வது. சரத்தில் 652 ஆம் இடத்தில் நிற்கும் மழையின் பழைய வீட்டு எண் என்ன என்று அந்த இரண்டாவது பட்டியலின் 652 ஆம் இடத்தைப் பார்த்தால் 746 என்று இருக்கும். அகதி முகாமில் ஒவ்வொருவர் பெயரோடும் சொந்த ஊரை எழுதி வைப்பதுபோல. அணி மிகப் பெரிது, சலித்து மிஞ்சுவது கொஞ்சம் என்றால் இதுவே சிக்கனம். மூன்றாவது, நாளையும் அட்சத்தையும் தீர்க்கத்தையும் வெறும் இடமாக விடாமல் பெயர்ச்சீட்டாகவே ஒட்டிவிடும் நூலகங்களைப் பயன்படுத்துவது. பாண்டாஸ் போன்றவை உச்சத்தின் இடத்தைக் கேட்டால் 'நவம்பர் 16' என்று பெயரையே சொல்லும்.

எந்த வழியில் போனாலும் இரண்டு பழக்கங்கள் வேண்டும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறோம். ஒன்று, ஒரே உச்சம் இரண்டு இடத்தில் இருந்தால் ஆர்க்மேக்ஸ் முதலாவதை மட்டுமே சொல்லும். உச்சத்துக்குச் சமமான எல்லா இடங்களையும் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது. மற்றது, கிடைத்த முகவரிக்குத் திரும்பப் போய்க் கதவைத் தட்டுவது. மூல அணியில் அந்த இடத்தில் அந்த எண்ணே இருக்கிறதா? ஒரே வரி. அந்த வரியை நாங்கள் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஓர் அடிக்குறிப்பை எழுதினோம்.

இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் திருத்திய விடையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் தயங்கினோம். நவம்பர் 16 என்கிறது பதிவு. அது திங்கட்கிழமை. டீச்சர் சொன்னது ஞாயிறு இரவு. ஆறு நாள் பிழை எங்களுடையது என்று ஆகிவிட்டது. மிஞ்சிய ஒரு நாள்? 'ஏறத்தாழச் சரி' என்று எழுதிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். இந்த முறை யாரும் உடனே தலையாட்டவில்லை.

விடை எளிது, எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. வானிலைத் துறையின் மழை நாள் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதன்று. காலை 8.30 மணிக்கு மழைமானியில் உள்ள நீரை அளந்து, முந்தைய 24 மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் எழுதுகிறார்கள். நவம்பர் 16 என்று பதிவில் இருப்பது ஞாயிறு காலை எட்டரையிலிருந்து திங்கள் காலை எட்டரை வரை பெய்தது. ஞாயிறு இரவு அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. அவர் நாளைச் சரியாகச் சொல்லியிருக்கிறார், கிழமையோடு. டிசம்பர் 1 இரவின் மழையும் பதிவேட்டில் டிசம்பர் 2 என்றுதான் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், அவருடைய நினைவு எங்கள் நிரலைவிடச் சரியாகக் கட்டப்பட்டிருந்தது. அவர் வேண்டாத நாள்களை உதிர்த்துவிட்டு மிஞ்சியவற்றை வரிசையாக எண்ணவில்லை. 'தீபாவளி கழிந்து வந்த ஞாயிறு' என்று, அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். இடையில் எத்தனை நாள் மறந்துபோனாலும் அந்தக் கட்டு அவிழாது. நம் பாட்டிமார் எல்லோரும் இப்படித்தான் பிள்ளைகளின் பிறந்த நாளைச் சொன்னார்கள்: புயல் அடித்த வருஷம், மாசி மகத்துக்கு மறுநாள். அதைக் கணக்குத் தெரியாதவர்களின் வழி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடிக்குறிப்பை மாற்றி எழுதினோம். 'மழைப் பதிவுகளின்படி இப்பகுதியில் இவ்விரு மாதங்களின் உச்ச மழை, நவம்பர் 15 ஞாயிறு காலை 8.30 முதல் நவம்பர் 16 திங்கள் காலை 8.30 வரை பெய்தது.' நினைவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு மூவரும் நேரில் போனோம். எங்கே தவறினோம் என்று, அவருக்குப் புரியுமோ புரியாதோ என்று தயங்கித் தயங்கி, அகநானூற்றை உதாரணம் காட்டி விளக்கினோம். "ஐந்தாவது குறிஞ்சியும் ஐந்தாவது பாட்டும் ஒண்ணா?" என்று அவரே எங்களுக்கு முன்னால் முடித்துவிட்டார். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்.

காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். அந்தப் பெட்டியிலிருந்து பிழைத்த ஒரே நோட்டு. காய்ந்து மொறமொறவென்றிருந்த தாள்களில் மை பரவி நீலமாகக் கிடந்தது. சில பக்கங்களில் மட்டும் எழுத்துத் தெரிந்தது. ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் அவர் கணவர் பக்க எண் இட்டிருந்தார். 41 க்குப் பிறகு 58 வந்தது. அதற்குப் பிறகு 59, 60; பிறகு 77. எஞ்சியவற்றைப் படியெடுத்துத் தட்டச்சு செய்து தருகிறோம் என்றோம். சம்மதித்தார். எங்களில் ஒருவர் பழக்க தோஷத்தில், "பக்க எண்ணை ஒன்றிலிருந்து போட்டுவிடலாமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டார்.

"வேண்டாம் தம்பி. அவர் போட்ட நம்பரே இருக்கட்டும். நடுவுல இருந்தது இருந்ததுதானே."

அப்படியே தட்டச்சு செய்தோம். நாற்பத்தொன்றுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவே பதினாறு வெற்றுப் பக்கங்கள், எண்ணோடு.